கணக்குச் சரியாக இருந்த டப்பா

இன்று மருந்து தரும் சிஸ்டர் என் டப்பாவை வாங்கி, மிச்ச மாத்திரைகளைத் தட்டில் கொட்டினார். இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணி, ஒரு வேளையும் தவறவில்லை என்று கண்டதும், "உன்ன மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். சிரித்து வைத்தேன். பக்கத்தில் நீ இல்லை. நீ போய் நாலு வருஷம் ஆகியும், ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாக பஸ் ஏற எனக்குப் பிடிக்கவில்லை.

ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்கள் நாம். உனக்கும் எச்.ஐ.வி. என்று எனக்குத் தெரிந்தது இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாய், செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். எழுந்து ஓடப் பார்த்தாய். "ஒக்காருடி, நானும் அதுக்குத்தான் வந்துருக்கேன்" என்றதும் என் தோளில் சாய்ந்து அழுதாயே, ஞாபகமிருக்கிறதா?

அப்போது தந்த மாத்திரையை ராத்திரி போட்டால் காலையில் தலை சுற்றும். எனக்குச் சில வாரங்களில் பழகியது, உனக்குப் பழகவே இல்லை. ஷூ தோலில் தையல் கோணினால் பிரித்துத் தைக்க முடியாது, ஊசித் துளை அப்படியே நிற்கும். ஒரே நாளில் நீ தைத்ததில் நாலு ஜோடி ரிஜெக்ட். சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரி மட்டும் போட ஆரம்பித்தாய். "ஞாயித்துக்கெழம எவ்ளோ சுத்துனாலும் சுத்தட்டும்டி. மத்த நாளு கை நேரா போவணும்."

மாதக் கடைசியில் டப்பா நிறைய மிச்சம். சிஸ்டர் காரணம் கேட்பார், வராந்தாவில் ஆம்பூர்க்காரர் யாராவது இருந்தால் மானம் போகும் என்று நடுங்கினாய். வழி சொன்னது நான்தான். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் ரிஜெக்ட் பெட்டிகளை ஒளித்து வைத்துப் பழகிய புத்தி! வேலூர் பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும், கணக்குப்படி இருக்க வேண்டியதை மட்டும் டப்பாவில் விட்டுவிட்டு, மீதியை என் கையாலேயே ஜன்னல் வழியாக வீசினேன். "ஆடிட் பாஸ்டி" என்றேன். நீ சிரித்தாய். மாதா மாதம் சிரித்தோம், பாவிகள்.

பிறகு உன் ரத்தப் பரிசோதனையில் கிருமி ஏறியிருந்தது. "ஒரு வேளையாவது வுட்டீங்களாம்மா? திட்ட மாட்டேன்" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார்" என்றாய். டப்பாவும் அதையேதான் சொன்னது. குழம்பிப்போய், மறுபடி சோதனை எழுதினார். மாதங்கள் ஓடின. கடைசியில் வேறு மருந்து தந்தபோது, வேலையை விட்டுவிட்டு ஒரு வேளை தவறாமல் போட்டாய். அதற்குள் காசநோய் உன் நெஞ்சைத் தின்றுவிட்டது. மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மாத்திரைய தூக்கிப் போட்டத யார்கிட்டயும் சொல்லிடாத. உனுக்குப் பேஜாராயிடும்" என்றாய். சாகும்போதும் உனக்கு என் கவலை.

இப்போது தரும் மாத்திரையில் அந்தத் தலைசுற்றல் இல்லை. விழுங்கும்போதெல்லாம் உன்மேல் ஆத்திரம் வருகிறது, இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கக் கூடாதா என்று. அடுத்த மாதம் புதிதாக வருகிறவர்களிடம் நான் பேச வேண்டுமாம், ஒழுங்காக மாத்திரை போடுவது எப்படி என்று. சிஸ்டர் கேட்டார், தலையாட்டிவிட்டேன். எந்த வாயால் பேசுவேன்?

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கிருமி ஏறியது தெரிந்த அன்று, நீ ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "கூடவே வர்றீங்களே, அவங்க ஒழுங்கா போடறாங்களா? தல சுத்துதுன்னா இன்னைக்கே மாத்தித் தந்துடலாம்" என்றார். மாத்திரையை வீசியது நான் என்று தெரிந்தால் எனக்கும் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன்.

"போடறா சார்" என்றேன்.