ஓரிக்கைக் கிணற்றுக் குடைவு

9-1-1972, ஞாயிறு

இன்று குடைவுக்குள் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டு வந்தேன். முதுகெல்லாம் சிராய்ப்பு. அம்ருதவல்லி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஆத்துக்காரரா லட்சணமா இருக்கப்படாதா? மத்தவாளெல்லாம் ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போறா" என்றாள். போகட்டும். சினிமாக் கொட்டகையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஊரை அடுத்த ஓரிக்கையில் என் சிநேகிதன் பரசுராமன் நிலத்தில் இரண்டு கிணறுகள். இரண்டையும் அடியில் இணைத்து, அவன் தாத்தா காலத்தில் ஒரு குடைவு வெட்டியிருக்கிறார்கள். அது எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். கிழக்குக் கிணற்றில் மூழ்கி மேற்குக் கிணற்றில் எழுந்தவன் இதுவரை ஒருவனும் இல்லை. நான் எழப்போகிறேன். மூர்மார்க்கெட்டில் வாங்கிய நீச்சல் கண்ணாடி, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டிய டார்ச், இடுப்பில் கயிறு – இவ்வளவுதான் என் சாமான்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருபவன் கோதண்டபாணி, பிள்ளையார்பாளையத்து நெசவாளி. நன்றாக நீந்துவான். ஆனால் குடைவு வாயைக் கண்டால் கை கால் உதறும். அதனால்தான் அவனை வைத்திருக்கிறேன். நானும் வருகிறேன் என்று நச்சரிக்க மாட்டான்.

12-1, புதன்

ஆபீஸில் மூச்சை அடக்கிப் பழகினேன். ஹெட்கிளார்க் பேச ஆரம்பித்தபோது இழுத்த மூச்சு. அவர் முடிக்கும்வரை தாங்கவில்லை. மனிதப் பிறவி யாருக்கும் தாங்காது.

23-1, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! குடைவின் நடுவில் ஒரு இடத்தில் மேல்மண் சரிந்து கூரை உயர்ந்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரு பானை கொள்ளும் அளவுக்குக் காற்று. மூக்கை நீட்டினால் ஆற அமர மூச்சு விடலாம். அங்கிருந்து அந்தப் பக்கம் போவது ஒரு காரியமே இல்லை.

மேலே வந்தபோது கோதண்டபாணியின் முகம் வெளுத்திருந்தது. "இவ்ளோ நேரம் எப்டி சார் தம் கட்டிக்கினு இருந்தீங்க? கயித்த இழுத்துடலாம்னு பாத்தேன்." பரசுராமன், "உனக்கு இருக்குறது நெஞ்சா, லாரி டியூபாபா?" என்றான்.

நுனி நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இடம் இருப்பது தெரிந்தால் நாளைக்கே பரசுராமன் போய் வருவான், அவன் மாடு மேய்க்கிறவனும் போய் வருவான்.

30-1, ஞாயிறு

பழைய கயிறு நீளம் போதவில்லை. கோதண்டபாணி வீட்டிலிருந்து பருத்திக் கயிற்றுத் துண்டுகளை ஒன்றாக்கிக் கொண்டுவந்தான். ஒரு முடிச்சுகூட இல்லை. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைச் சேர்ப்பதுபோல, நுனிகளைப் பிரித்து, சாம்பல் தொட்டு, விரலால் திருகியே பிணைத்திருக்கிறது. "முடிச்சு இருந்தா கல்லுல மாட்டிக்கும் சார். இது வழுக்கிக்கினு வந்துடும்."

"தண்ணியில நிக்குமாபா?" என்று பரசுராமன் கேட்டான்.

"எங்கூட்டுப் பிணைப்பு வுடாதுண்ணே."

இழுத்துப் பார்த்தேன். நின்றது.

சும்மா இருக்காமல் கோதண்டபாணியையும் குடைவு வாய்வரை கூட்டிக்கொண்டு போனேன். தலையை நுழைத்தவன் உடனே உதைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான். பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால், "உன் பெண்டாட்டி புடவை ஒண்ணைக் கட்டிண்டு வந்து உக்காருடா, படிக்கு அதுதான் லட்சணம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். ரோஷம் வந்தால் நல்லதுதான்.

6-2, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் உட்காரவும் முடியவில்லை.

தாண்டிவிட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, மேற்குக் கிணற்றில் எழுந்தேன். தலைக்கு மேலே வெயில். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. ஒரு விளையாட்டுத் தோன்றியது. இடுப்புச் சுருக்கைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். கயிறு தொய்ந்தால் கோதண்டபாணி என்ன பாடு படுவான், பார்க்கலாமே! படிக்கு அடியில் நிழலாக இருந்த இடத்தில் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

பரசுராமன் ஓடி வந்து மேலிருந்து எட்டிப் பார்த்து "முரளீ! முரளீ!" என்று கத்தினான். வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் ஆள் கூப்பிட ஓடினான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறி, கிழக்குக் கிணற்றுக்குப் பின்பக்கமாகப் போனேன். கோதண்டபாணியைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கலாம் என்று.

படியில் அவன் இல்லை. வேட்டியை மடித்து வைத்திருந்தான், பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். இழுத்துப் போட்ட கயிறு பக்கத்தில் கிடந்தது.

பயந்தாங்கொள்ளிப் பயல். எதுக்குடா இறங்கினே? யார் இறங்கச் சொன்னா? நான் சொன்னேனா?

கூப்பிட்டேன். தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. இறங்கியிருக்கலாம். எனக்கு மூச்சு வாங்கியது – நிஜமாகவே வாங்கியது. காற்று இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். கால் நகரவில்லை.

வரப்பில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கயிற்றின் நுனியில் என் சுருக்கு முழுசாக இருந்தது; நானே கழற்றியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதற்கு அடுத்த பிணைப்பை விரலால் எதிர்ப்பக்கம் திருகினேன். அசையவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன். சுருக்கு இருந்த துண்டை இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

"பிணைப்பு விட்டுடுத்து" என்றேன். யாரோ எனக்குத் துண்டு போர்த்தினார்கள்.

7-2, திங்கள்

இரண்டு மோட்டார் வைத்து இறைத்து இன்று எடுத்தார்கள். பாதிக் குடைவு போயிருக்கிறான். காற்று இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால். நகக்கண்ணெல்லாம் கூரை மண். ஆபீஸுக்கு லீவு.

10-2, வியாழன்

போலீஸ்காரர் பிரிந்த நுனிகளைப் பார்த்தார். கோதண்டபாணி தெருவிலிருந்து வந்த நெசவாளிகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாம்பப் பிணைப்பு தறிக்குத்தான் ஆவும், தண்ணிக்கு ஆவுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

பரசுராமன் மட்டும் வெளியே வந்ததும் கேட்டான்: "நான் எட்டிப் பாத்தப்ப நீ அங்க இல்லியேபா?"

"குடைவுக்குள்ளே இருந்தேன். நடுவிலே காத்து இருந்தது. பெருமாள் காட்டிக் கொடுத்தார்."

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெருமாளை இழுத்ததுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

23-2, புதன்

கோதண்டபாணியின் காரியமெல்லாம் முடிந்து, இன்று அவன் மனைவி காந்தா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே விழுந்து கும்பிட்டாள்.

"உங்க உயிருக்கு ஒண்ணு ஆயிருந்தா இந்தம்மா கதி என்னா ஆயிருக்கும் சாமி. மன்னிச்சிடுங்க. அந்தக் கயித்தப் பிணைச்சது அவரு இல்ல. நான்தான்."

நெசவாளர் வீட்டில் பாவு பிணைப்பது பெண்கள் வேலை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை.

"சின்ன வயசுலேந்து பிணைக்கிறேன் சாமி. பட்டு இழை, கண்ணுக்கே தெரியாது. ஒண்ணு வுட்டதுன்னு ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல. இது எப்டி வுட்டுச்சு? நெசமாவே வுட்டுடுச்சா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் கேட்டாள். ஒரு வார்த்தை போதும். அம்ருதவல்லி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிலே ஊறினா எதுவும் நிக்காதும்மா" என்றேன்.

"அப்ப நான்தான் கொன்னுட்டேன்" என்றாள். அழவில்லை. விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே தெருவில் நடந்து போனாள். கோடி திரும்பும்வரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

5-3, ஞாயிறு

கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டதாம். ஆபீஸில் எல்லோரும் குடைவைத் தாண்டிய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். நன்றாகச் சொல்ல வந்துவிட்டது.

19-3, ஞாயிறு

காந்தாவைப் பாவு பிணைக்க யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவள் போகமாட்டாளாம், இழையைத் தொட்டால் விரல் உதறுகிறதாம். அம்ருதவல்லி இரக்கப்பட்டு நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரச் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன காரணம் சொல்லி வேண்டாமென்றிருப்பேன்?

இன்று ஓரிக்கைக்குக் கிளம்பினேன். பரசுராமன் புதிதாக நைலான் கயிறு வாங்கி வைத்திருக்கிறான். சைக்கிளைக் கொல்லைப்புறமாக எடுத்தபோது, சாம்பல் கையோடு காந்தா எழுந்து வழி விட்டாள்.

"கெணத்துக்கா சாமி? முடிச்சு போட்டுக் கட்டிக்கினு எறங்குங்க. இன்னொரு வாட்டி யாரையும் நம்பிடாதீங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.