சிங்கராயர் கழகத்துக்குப் போய் வந்தேன்

ஊர்காவற்றுறை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனோஜினிக்கு,

மாதாவின் தயவால் அம்மாவும் தங்கச்சி நிலக்சனாவும் நானும் உடம்புக்குச் சுகம், என் மானம் மட்டும் வெள்ளிக்கிழமை தொடக்கம் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறது. நீயும் மருமகனும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். ரெலிபோனில் கதைத்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்லுவாள், அதனால்தான் பேப்பர் எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே, எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவனுக்கு இவ்வளவுதான் வரும்.

தங்கச்சி பள்ளிக்கூடத்தில் லியோ கழகத்துக்குத் தலைவியாகிவிட்டாள். புனித லியோவைத்தானே நாங்கள் கோயிலில் சிங்கராயர் என்று கும்பிடுகிறோம், ஆகவே இது சிங்கராயர் பெயரில் ஒரு பக்திச்சபை, பிள்ளை செபம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று மீன்பிடிச் சங்கம் முழுக்கப் பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேன். அவளோ கிளினிக் நாட்களில் காலையிலேயே இறங்குதுறைக்கு ஓடி, காரைநகரில் இருந்து வள்ளத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிற வயதுபோனவர்களைக் கைபிடித்து இறக்குவாள். அதுவும் தருமம்தான் என்று இருந்தேன். பிறகு யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி, இரவும் அங்கேதான் என்று ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை இரண்டு தரம் வாசித்தாள். சிங்கராயரோ சந்தியோகுமையரோ, அடுத்த வருசம் ஏ.எல். சோதினை, பொம்பிளைப் பிள்ளை ஊரூராய்த் திரியேலாது, போய்ப் பேரை வெட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ என்று என்னை அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கழகக் கூட்டத்துக்கு வழிநெடுகச் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். பொறுப்பாசிரியர் கனகசபை சேர் என்னை முன் கதிரையில் இருத்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் தலைவியாய் நம்முடைய தங்கச்சி, வீட்டில் குளிக்கப் போனால் துவாயை மறந்துவிட்டுக் கத்துகிறவள், அடுத்ததாகப் பெற்றோர் சார்பில் திரு. வின்சன்ற் அவர்களுக்கு இரண்டு நிமிடம் என்றாள். எடுத்த எடுப்பில் பெயரை வெட்டு என்பது மரியாதை இல்லை என்று நினைத்து, சிங்கராயர் திருநாளுக்கு எங்கடை சங்கம் ஒரு கூடை மீன் தரும், கொடியேற்றம் எப்ப என்று கேட்டேன். பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். கனகசபை சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வின்சன்ற் அண்ணை, இது லயன்ஸ் கழகத்தின்ரை பிள்ளைகள் பிரிவு, வெறும் சிங்கம், இதுக்குத் திருநாள் கிடையாது, வேலைதான் கிடக்கு என்றார்.

சிரிக்காதது ஒருத்திதான். பேசுகிறவரை ஒருவரும் குழப்பக்கூடாது, அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள், உடனே எல்லாரும் அடங்கிவிட்டார்கள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது பார். அந்த ஒரு நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். பிறகு, இறங்குதுறையில் அந்தச் சனம் வெயிலில் நிக்குது, ஒரு கொட்டில் போடுங்கோ, நாட்ட நாலு கப்பும் வேயக் கிடுகும் நான் தாறன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை தட்டினார்கள். செயலாளர் பொடியன் றெக்ஷன் அதைக் கொப்பியில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான், பின்வாங்க ஏலாது.

சொன்னனீங்களோ என்று அம்மா கேட்டாள். ஓம், சொன்னனான் என்றேன், என்னத்தைச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நேற்றுப் பிள்ளைகள் வந்து கோழிக்கூட்டுக்கு என்று அவள் வைத்திருந்த கப்புகளைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அவளுக்கு விளங்கியது. நீங்கள் ஒரு மனிசனோ என்று கேட்டுவிட்டு, அவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள். பயிற்சிக்கு எந்த ரீச்சர்மார் கூடப் போகினம் என்று இன்று காலையில் தங்கச்சியை விசாரித்தாள். விசாரணை தொடங்கினால் அரைவாசிச் சம்மதம் என்று உனக்குத் தெரியும்தானே, உன் கலியாணமும் அப்படித்தான் முடிந்தது.

மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மா அனுப்பின பனை ஒடியல் மாவைக் காற்றுப் போகாமல் கட்டி வை.

இன்னும் ஒன்று பிள்ளை, இதை இதுவரை ஒருவருக்கும் வாயால் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. உனக்குப் பதினாறு வயதில் மாணவர் மன்றத்துக்குச் செயலாளராய்த் தெரிந்தெடுத்து அடுத்த கிழமையே உன் பெயர் இல்லாமல் போனது. ரீச்சருக்கு உன்னைப் பிடிக்காது என்று இன்றைக்கும் சொல்லுவாய், நானும் ஓம் என்பேன். பெயர் பார்த்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன அந்தச் சண்டை வருடங்களில் என் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறினாலும் எனக்கு நித்திரை இல்லை. விடுங்கோ, நல்லாய்ச் செய்வாள் என்று ரீச்சர் மன்றாடினா. பள்ளிக்கூட வாசல் படலையில் நின்று வெட்டத்தான் வேணும் என்றது நான்.

உன் அப்பா
வின்சன்ற்