உன் பேரில் ஓர் ஒப்பாரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. முழங்கால் வலி போகவும் இல்லை, கூடவும் இல்லை. கண்ணாடிக் கடையில் முதலாளி எனக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். உட்கார்ந்தபடியே ஃபிரேம் மாட்டிக் கொடுக்கிறேன்.

அப்பாவைத் தேடிப் பார்க்கட்டுமா, தாத்தா ஆகப்போகிற செய்தியாவது அவருக்குத் தெரியட்டுமே என்று எழுதியிருந்தாய். தேட வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துவிட்டேன். “அவன்” என்று எழுதினால் உனக்கு மனசு நோகும். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன். அந்த மரியாதை உனக்குத்தான்.

உன் மாமாவுக்கு ஒரு வருஷமாக ப்ளூஸ் பைத்தியம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அடிமைப்பட்டு வயலில் வெந்தவர்கள் தங்கள் துக்கத்தைப் பாடி வைத்த பாட்டாம். வேர் இசை என்கிறான். பியானோ பழுது பார்க்கிற கடையின் பின்னறையில் ஞாயிறு மாலை கச்சேரி. ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். மேடை கிடையாது, ஒரு பழைய கம்பளம் விரித்திருக்கும். பாடுகிறவர் தும்மினால் முன்வரிசை முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் நெருக்கமாம்.

வருகிறவர்களைப் பார்க்க வேண்டுமே. ஒரு பல் டாக்டர், இரண்டு வக்கீல்கள், வீட்டு மனை விற்கிற ஓர் அம்மாள். வீட்டில் ஒரு தட்டுக் கழுவியிருக்க மாட்டார்கள். இங்கே வந்து, முதுகொடிய உழைத்தவர்களின் துக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ருசிக்கிறார்கள். பாட்டும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு வரியைச் சொல்வார்கள், அதையே திரும்பச் சொல்வார்கள், மூன்றாவது வரியில் யார் தலையிலாவது பழியைப் போடுவார்கள். அந்தப் பழி பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு. முன்பு ஒரு தரம் மாமாவோடு போயிருந்தேன். முழங்கால் கிழிந்த கால்சட்டையில் ஒரு பையன் தன் கஷ்ட ஜீவனத்தைப் பாடினான். வெளியே அவனைக் கூட்டிப்போக அவன் அம்மா காரில் காத்திருந்தாள்.

அதனால் இந்த ஞாயிறு வரமாட்டேன் என்றேன். மாமா விடவில்லை. “வந்து பாருக்கா, அப்புறம் என்னைத் திட்டிக்கோ” என்றான். வாசலில் ஒட்டியிருந்த படத்துக்குக் கீழே “கட்டைக்குரல்” என்று பெயர் போட்டிருந்தது. படத்தில் இருந்தது உன் அப்பா. திரும்பிப் போய்விட்டால் நான் பயந்ததாக ஆகிவிடும். உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

வயிறு விழுந்திருக்கிறது. தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார், காதோரம் மட்டும் மறந்துபோயிற்று. கிடாரை மடியில் எடுத்து வைக்கிற பவிசு மட்டும் மாறவில்லை. உன்னைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை. முதல் பாட்டில், மனைவி கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள், இவர் மழையில் நின்றார். யாரம்மா அவள் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நம் வீட்டுக் கதவில் தாழ்ப்பாளே விழாது, நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் தூங்குவோம். பக்கத்தில் இருந்த மனை விற்கிற அம்மாள், “எவ்வளவு நிஜமான வலி” என்று பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நடந்தது. விளக்கைக் குறைக்கச் சொன்னார். தனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, நாலு வயசு, ஒரு காய்ச்சலில் போய்விட்டாள் என்றார். சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார். வாசலில் ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு, அதில் கால் இல்லை. அதே வரி மறுபடியும். சுற்றிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் முந்தானையைக் கசக்குவதைப் பார்த்து அந்த அம்மாள் தன் கைக்குட்டையை நீட்டினாள். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் காய்ச்சல் நிஜம். ராத்திரி பகல் தெரியாமல் ஆஸ்பத்திரியில் நான் உன்னோடு கிடந்த வாரம்தான் அந்த ஆள் பெட்டியைக் கட்டினார். நீ பிழைத்தது தெரியாது என்று சொல்லவும் முடியாது. இரண்டு மாசம் கழித்து ஆம்ப்ளிஃபயரை எடுத்துப்போக வந்தபோது கதவைத் திறந்ததே நீதான்.

எழுந்து நின்றேன். அந்த அறையில் மைக் தேவைப்படவில்லை. “பொண்ணு சாகலை. நல்லா இருக்கா” என்றேன்.

கிடார் நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், என்னைத் தெரிந்துகொண்டார். பின்வரிசையில் ஒரு மனுஷன் கை தட்டினான். இதுவும் கச்சேரியில் சேர்ந்தது என்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள். பல் டாக்டர் எழுந்து நின்றே தட்டினார். இப்படிப்பட்ட ஜனங்களுக்குத்தான் துக்கம் பாடிக் காட்டுகிறார் உன் அப்பா. தட்டி முடிக்கிறவரை தலையைக் குனிந்துகொண்டு அதையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு மைக்கைத் தள்ளிவிட்டு, “இப்ப என்ன பண்றா?” என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து “நீங்க” என்றே பழகிய வாய் எனக்கு. அன்று வேறு மாதிரி வந்தது. “அதைக் கேக்க உனக்கு வாய் கிடையாது. பாடத்தான் வாய் இருக்கே, பாடு” என்று சொல்லி உட்கார்ந்தேன். அவரால் பாட முடியவில்லை. கடைக்காரர் ஓடிவந்து விளக்கைப் போட்டார். கைக்குட்டை கொடுத்த அம்மாள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பாட்டில் உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூடாது, நீங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் நிஜமான வலி என்றவள்.

வாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தார். உன் விலாசம் கேட்பார் என்று நினைத்தேன். கொடுக்க முடியாது என்று சொல்ல வார்த்தைகளை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். கேட்கவில்லை. “அந்தப் பாட்டை இனிமே பாடலாமா?” என்றார்.

கோபம்கூட வரவில்லை எனக்கு. பாடிக்கோ, ஆனால் கடைசியில் காய்ச்சல் இறங்கி, குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள் என்று முடி என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, குத்தத்தான் சொன்னேன். அந்த ஆளோ உண்மையாகவே யோசித்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தன.

“அப்படி முடிச்சா யாரும் அழ மாட்டாங்களே” என்றார்.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தேன். மாமா மன்னிப்புக் கேட்டபடியே வந்தான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

குழந்தை விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டுவார், பாட்டில் அது பிழைக்குமோ என்னவோ. ஆனாலும் நீயே சொல்ல விரும்பினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். மாமாவிடம் அவருடைய போன் நம்பர் இருக்கிறது. உன் அப்பா, உன் பிள்ளை. யோசித்துச் செய்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் போடு. மாடிப்படியில் மெதுவாக ஏறு. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன், முதலாளியிடம் சொல்லியாயிற்று. தாயும் சேயுமாக நீங்கள் நூறு வயது வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எப்போதாவது இந்தப் பக்கம் வந்து, அந்த ஆள் பாடுவதைக் கேட்கப் போனால் முன்வரிசையில் மட்டும் உட்காராதே. கதவுப் பக்கமாக உட்கார். பாடுவதெல்லாம் பொய் என்று தெரிந்தே கேட்டேன். அந்த இரண்டு வரி நேரம் நீ செத்துப்போனதாகவே நானும் நம்பிவிட்டேன். குரல் இன்னும் அப்படியே இருக்கிறதம்மா.

உன் நலமே வேண்டும்
அம்மா