பிரேமிளா அக்கா முந்திப் பாடியது

அன்புள்ள மகனின் அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். தூக்கம் வரவில்லை. பயப்படாதீர்கள், சந்தோஷத்தில்தான்.

இன்று வத்தேகமயில் நம் பாடகர் கிருஷ்ணராஜ் அண்ணனின் நினைவு நாள். உயிரோடு இருந்தபோது பாட்டின் நடுவே ஒரு வாய் பிளேன்டீ குடிக்க நிறுத்துவாரே, அவர் பாட்டை வாசித்த குழுவினர் அந்த இடத்தில் வழக்கம்போல வாத்தியங்களை நிறுத்தினார்கள். ரசிகர்கள் எல்லோரும் அமைதியாக நின்றோம். வழக்கம்போலவே பிரேமிளா அக்கா எங்களுக்குப் பின்னாலிருந்து முந்திக்கொண்டு மெல்லப் பாடத் தொடங்கிவிட்டார்.

“யக்கா, அண்ணன் இன்னும் டீ குடிச்சு முடிக்கல!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

“என்னா செய்ய, வாய் நிக்க மாட்டேங்குதே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்தபடி என் கையில் இருந்த நம் மகன், அக்காவின் குரல் கேட்டுத் திரும்பினான்.

“அக்கா, இந்தப் பக்கம் வந்து இன்னொருக்கா பாடுங்க!” என்று கத்தினேன். அந்தப் பக்கமும் திரும்பினான். பொக்கை வாயால் சிரித்தான்.

ஏழு மாதமாகியும் கூப்பிட்டால் அவன் திரும்பாததை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. செவ்வாய்க்கிழமை காதுப் பரிசோதனை. போகத்தான் போகிறேன், ஆனால் பயப்படாமல் போவேன்.

கோபப்படாமல் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகனின் அம்மா