உரிக்காத ஸ்டிக்கர்

ஃபேனைக் கழற்றி, ப்ராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கைத் தூக்கியதும் சூடேறிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. அடப்பாவி, அந்த வாடையிலேயே உன் கைவேலை எனக்குத் தெரிந்துவிட்டது. நீ செத்துப்போன பிறகு ரிப்பேருக்கு வந்த உன்னுடைய கம்ப்யூட்டர்தான் அது. பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் கடைக்கு உன் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். உன் கல்யாணத்தில் பார்த்த முகம். அவளுக்கு என்னை நினைவில்லை.

எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில், ஒரே மேசையில் வேலை பார்த்தோம் நாம். தங்கவயலிலிருந்து ஒரே ரயிலில் வருவோம். என் டப்பாவிலிருந்து நீ தின்ற புளிசோறு கொஞ்சமா? அப்படிப்பட்ட நீதான் பிரேசர் டவுன் ஸ்டுடியோக்காரரின் மெஷினுக்குப் புது ஹீட் சிங்க் மாட்டினாய். அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் ப்ராசசர் மேல் வைக்க வேண்டும். நீ உரிக்கவில்லை. சூடு வெளியேற வழியில்லாமல் மெஷின் பாழாய்ப் போயிற்று. அவர் வந்து கத்தியபோது முதலாளியிடம் என்னைக் கைகாட்டினாய்.

"சார், அவ மாட்டுனது. அப்பவே சொன்னேன், பாத்துப் பண்ணுன்னு."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை நீ.

என் வேலை போயிற்று. போனால் போகட்டும், ஊரில் வேறு வேலையா இல்லை? பட்டப்பெயர்தான் போகவில்லை. இன்றைக்கும் பார்ட்ஸ் வாங்க அந்தத் தெருவில் கால் வைத்தால், "ஏ ஸ்டிக்கர், உரிச்சியாம்மா?" என்று எவனாவது கேட்பான். நீயும் கூட நின்று சிரித்திருக்கிறாய்.

அன்றிலிருந்து எந்த மெஷினைத் திறந்தாலும் முதல் ஸ்க்ரூவிலிருந்தே போனில் வீடியோ எடுத்துவிடுவேன். உன்னுடையதற்கும் எடுத்தேன். உன் மனைவி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"சும்மா சும்மா ஆஃப் ஆயிடுதுக்கா. ஃபேனு, ஹீட் சிங்க் எல்லாம் அவரே வாங்கியாந்து மாட்டுனாரு. வேற யாரையும் தொட உட மாட்டாரு."

அவள் சொல்லி முடிக்கவும் நான் ஹீட் சிங்கைத் திருப்பவும் சரியாக இருந்தது. அடியில் பழுப்பேறிய ஸ்டிக்கர், உரிக்காமல் அப்படியே.

பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு குளிர்ந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. புது ஹீட் சிங்கின் ஸ்டிக்கரை உரித்து, சூடு கடத்தும் பேஸ்ட் வைத்து, ஃபேனை மாட்டி, ஓட்டிக் காட்டி அனுப்பினேன்.

பிறகு நம் பழைய கடை ஆட்களின் வாட்ஸப் குரூப்பைத் திறந்தேன். மாலை போட்ட உன் படம். அதன் கீழே, "அவர் கை பட்டா தப்பே வராது" என்று ஒருவர் மாற்றி ஒருவர் அழுது வைத்திருந்தார்கள். அங்கேயே வீடியோவைப் போட்டேன். "யார் மாட்டுனதுன்னு அவர் வீட்டுக்காரம்மாவே சொல்றாங்க, கேளுங்க" என்று எழுதினேன்.

வெகுநேரம் கழித்து ஒருவன் மட்டும் "ஸாரி சிஸ்டர்" என்றான். யார் யார் பார்த்தார்கள் என்று தட்டிப் பார்த்தேன். அதில் உன் பெயரும் இருந்தது. உன் போன் இப்போது அவளிடம்.

அழித்துவிடலாமா என்று விரல் போயிற்று. அவள் என்ன பாவம் செய்தாள்? நீ உயிரோடு நின்று தலைகுனிந்து கேட்டிருக்க வேண்டியதை அவள் தன் குரலிலேயே கேட்கும்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம். வீடியோவை நான் அழிக்கவில்லை.