உன் பேரில் ஏரியில் விட்ட மீன்கள்

அடி அண்ணாமலை,
புரட்டாசி, மழை விட்ட ஒரு காலை.

அன்பு மகள் த்ரிசலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், பசுவும் கன்றும் சௌக்கியம், என் மானம் ஒன்றுதான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது. நியூசிலாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வேறு யாராவது அனுப்பி நீ பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஊர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துக் கைகூப்பி, பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லி, போய் நல்லா இருங்க, யாரையும் இம்சை பண்ணாதீங்க என்று புத்தி சொல்கிற வழுக்கைத்தலை உன் அப்பாவுடையதுதான். போனில் சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன் பிறந்தநாளில் ஆரம்பித்தது. வேங்கிக்காலில் நம் ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில், திருப்பத்தில் கன்னியம்மாள் மீன் விற்பது உனக்குத் தெரியும். ஏரியில் அவளே வலை போட்டு எடுக்கிற விராலும் விற்பாள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வேனில் வருவதையும் விற்பாள். வழக்கமாக அந்த இடம் வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியை முறுக்குவேன். அன்றைக்குப் பார்த்து சிக்னல் மாதிரி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே நின்றுவிட்டது. தொட்டியில் உயிரோடு கறுப்புக் கறுப்பாக மீன்கள், வாயைத் திறந்து திறந்து என்னிடம் ஏதோ கேட்பதுபோல் இருந்தது. அதில் ஒன்றுக்கு மீசை பாதியில் அறுந்திருந்தது, அதுதான் என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்தது. பிள்ளை பிறந்தநாளுக்கு உயிர்தானம் செய்தால் என்ன என்று தோன்ற, தொட்டியில் இருந்த அத்தனையையும் ஒரு வாளியில் வாங்கிவிட்டேன். நயினாரே, வீட்ல மீன் கொழம்பா, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஏரியில் விடப்போகிறேன் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பக்தி என்று நினைத்தேன். நம் சமணப் பரம்பரையில் யாரும் மீனை மோந்துகூடப் பார்த்ததில்லையே, வால் இருந்தால் மீன், எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் காலையை நீ பார்த்திருக்க வேண்டும். மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாகப் படுத்திருந்தது, உச்சியில் மேகம் ஒன்று கீழே அல்லிக் கொடிக்கு நடுவில் மிதந்தது. வாளியைச் சாய்த்ததும் மீன்கள் மலைக்குள்ளேயே நுழைந்து போனமாதிரி இருந்தது. அந்த மயக்கத்திலேயே கடைக்குப் போய், ஜெராக்ஸ் எடுக்க வந்தவரின் ஆதாரை வெறும் பக்கமாக வைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் உனக்கு வேலை நிரந்தரமான செய்தி வந்தபோது இன்னொரு வாளி. அந்த வாளியிலும் மீசை அறுந்த மீன் ஒன்று இருந்தது, அது என்னைப் பார்த்த பார்வையில் பூர்வ ஜென்மத் தொடர்பு ஏதோ இருப்பதாகப் பட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து கரையில் போய் உட்காருவது பழக்கமாகிவிட்டது. அப்படி உட்கார்ந்துதான் விராலைப் பார்த்தேன். குஞ்சுகளெல்லாம் கும்பலாக, தண்ணீரில் யாரோ குங்குமம் கொட்டினமாதிரி செவசெவ என்று மிதக்கும். அந்தச் செம்மை எங்கே நகர்கிறதோ அங்கே அடியில் அப்பனும் ஆத்தாளும் நிழலாகக் கூடவே நகரும். ஒரு தவளை கிட்டே வந்தால் தண்ணீர் வெடிக்கிறது. என்னால் உன் பின்னால் அப்படி நீந்த முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன், நடுவில் கடல் ஜாஸ்தி.

இப்போது கோதண்டராமனுக்கு வருகிறேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் காப்பியடித்துப் பெயிலானவன், ஏரிக்குப் பக்கத்தில் ரிசார்ட் கட்டியிருக்கிறானே, அவன்தான். ஏரியில் மயில் மீன் என்று ஒரு தென் அமெரிக்க மீனை லாரியில் கொண்டுவந்து விடப்போவதாகக் கிளம்பினான். வால்கிட்டே மயில்கண் மாதிரி புள்ளி இருக்குமாம், தூண்டிலில் மாட்டினால் ஆள் உயரம் துள்ளுமாம். மாதக்கணக்காகத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பிடித்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவார்களாம். டேய் தன்யா, கொலையே இல்லாத விளையாட்டு, உங்க ஆளுங்களுக்குன்னே செஞ்சது என்றான். வாயில் கொக்கி மாட்டிவிட்டு முத்தம் கொடுப்பது எந்த அகிம்சையில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பௌர்ணமி போனால் ஊர் ஈயோட்டுகிறது, நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும் என்று அவன் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ வாய்ஸ் மெசேஜில் சொன்னாய், உங்கள் ஊர் ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் ஆசைக்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன் அங்கேயே பிறந்த விரல் நீளக் குட்டி மீன்களைத் தின்று பல ஓடைகளில் இல்லாமலே பண்ணிவிட்டது என்று. கேட்டதும் எனக்கு அந்தக் குங்குமக் கூட்டம் கண்முன் வந்துவிட்டது.

ஆகவே காந்தி ஜெயந்தி கிராமசபையில் பேச எழுந்தேன். உன் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, தொண்டையில் பனங்கற்கண்டு. நம்ம ஏரி, நம்ம விரால் என்று சுருதி பிடித்து நான் ஏறிக்கொண்டிருந்தபோது கோதண்டராமன் எழுந்து போனைத் தூக்கிக் காட்டினான். அவன் வாட்ச்மேன் எடுத்த வீடியோ. ஊரே சிரித்தது, எல்லாரையும் விடக் கன்னியம்மாள் ஜாஸ்தியாகச் சிரித்தாள். இவன் விட்டது என்னா மீன் தெரியுமா, ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளக்கவே கூடாதுன்னு தடை போட்டது, விரால் குஞ்ச கூட்டத்தோட முழுங்கிடும், ஒரு தடவ ஏரிக்குள்ள பூந்துட்டா அப்புறம் எவனாலயும் எடுக்க முடியாது என்று அடுக்கினான். ஆனால் பார், நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்தும் மறந்துபோன பாயிண்டையெல்லாம் என்னைத் திட்டுகிற சாக்கில் அவனே சொல்லி முடித்துவிட்டான். கோதண்டம் சொல்றது அத்தனையும் நெசம், நான் தப்பு பண்ணிட்டேன், என் ரெண்டு வாளிக்கே இந்தக் கதின்னா உன் லாரிக்கு என்னா ஆவும் என்று மட்டும் கேட்டேன். கன்னியம்மாள்தான், துள்ளுற மீனு வேணும்னா எங்க விராலுக்குத் தூண்டி போட சொல்லு, வெள்ளக்காரன தூண்டியோட இழுத்துக்கினு போவும் என்றாள். வெளியூர் மீன் எதையும் ஏரியில் விடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. கோதண்டராமனும் கடைசியில் கை தூக்கினான், விரால் தூண்டில் என்று போர்டு எழுதக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

ஆனால் எனக்குத்தான் தூக்கம் போயிற்று, பாப்பா. நான் விட்ட மீன்கள் இன்னும் ஏரிக்குள்தானே இருக்கின்றன. சும்மா விட்டால் அவை குஞ்சுகளைத் தின்னும். வலை போடச் சொன்னால் என் வாயால் அவற்றைச் சாகச் சொன்னதாகும். உயிர காப்பாத்தறேன்னு போயி எந்த உயிர கொல்றதுன்னு யோசிக்கிற எடத்துக்கு வந்து நிக்கிறீங்களே என்கிறாள் உன் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே. இன்று விடிந்ததும் கரைக்குப் போனேன். மூடுபனியில் மலையும் இல்லை, தண்ணீரும் இல்லை, எல்லாம் ஒரே பால். அதற்குள்ளிருந்து அந்தச் சிவப்பு மட்டும் மெள்ள வந்து, என் காலடி வரைக்கும் வந்து, திரும்பிப் போனது. அவற்றை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுக் கன்னியம்மாளிடம் போய் வலை போடச் சொல்லப்போகிறேன். பாவம் என் கணக்கில் இருக்கட்டும், உன் பேரில் விட்டது உன் பேரில் ஒட்ட வேண்டாம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே கோடையில் ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லி இராச் சாப்பாட்டை இழுக்காதே, பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற நம் வழக்கத்தில் பொழுது என்றால் வயிற்றுக்குத் தெரிந்த பொழுது. எலுமிச்சை ஊறுகாய் பார்சலில் வருகிறது, மூடியைத் துடைத்து மூடு. அருகன் அருள் உன் வாசலில் எப்போதும் நிற்கட்டும்.

உன் அப்பா,
வீடியோ புகழ் தன்யகுமார்

பின்குறிப்பு: கன்னியம்மாளிடம் போய்விட்டு வந்தேன். ஏரியில் ஒரு கெளுத்தியும் இல்லையாம். நான் வாளியைக் கவிழ்த்துவிட்டு வண்டியை எடுத்த கையோடு, என் விரால் குஞ்ச இதுங்க தின்னவா என்று இரண்டு தடவையும் கரையோரமாகவே வலை போட்டு அத்தனையையும் அள்ளிவிட்டாளாம். இரண்டாம் வாளியில் நான் வாங்கியதும் முதல் வாளி மீன்களேதானாம். மீசை அறுந்தது இன்னும் அவள் தொட்டியில் இருக்கிறது. அம்மாவுக்கு எப்ப நயினாரே பொறந்தநாளு என்று கேட்டாள்.