எலி விழுந்த வீடு

1911 ஜூலை 3

பிளேக்குக்குப் பிறகு கட்டிய இந்தப் புது வரிசைக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். பத்து வீடு, ஒரே ஓட்டுக்கூரை. சாயங்கால வெயிலில் பத்து வாசல் வளைவும் வரிசையாக நிழல் போடுவதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருகிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள சுவர் கூரையைத் தொடாது. காற்றுக்காகவாம். காற்றோடு அடுத்த வீட்டுத் தாளிப்பும் வருகிறது. அங்கே கல்தச்சர் லிங்கப்பன், கொள்ளேகாலத்துக்காரர். அவர் மனைவி மாதம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அம்மிணி, சாப்டீங்களா?" என்பாள். இந்தப் பக்கமிருந்து என் மனைவி ரோசலின் பதில் சொல்வாள். இவளுக்கு எட்டாம் மாதம். பிரசவம் பார்க்கப்போவதும் மாதம்மாதான்.

ஜூலை 19

காலையில் பரணிலிருந்து எலி ஒன்று விழுந்து செத்தது. விதி எனக்குத் தெரியும். உடனே பிளேக் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். ஓட்டைப் பிரிப்பார்கள், குடும்பத்தை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்புவார்கள். இந்த மழையில், இந்த வயிற்றோடு, ரோசலினையா? இடுக்கியில் எடுத்துப் பின்சந்தில் போடப் போனேன். சந்தில் ஆள் நடமாட்டம். லிங்கப்பன் கொல்லைக்குள் போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இன்றைக்கென்று நான் எடுக்க வேண்டியிருந்தது சுகாதாரப் பாடம்.

ஜூலை 20

கொல்லையில் எலியைக் கண்ட லிங்கப்பன் தானே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். புதைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கொட்டகைக்கு வண்டி ஏறும்போது என்னிடம், "மறைச்சா உங்க ஊட்டுக்குந்தானுங்க ஆபத்து, வாத்தியாரே" என்றார். நான் தலையாட்டினேன் — தலையாட்டினேன்!

ஜூலை 21

மழை. அவர்கள் வீட்டுக்கு ஓடு இல்லை.

ஜூலை 24

சுவருக்கு மேலே வானம் தெரிகிறது. அவர்கள் ராகி நனைந்து புளித்த வாடை. தாங்க முடியாமல் ரோசலினிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"எலி விழுந்தது நம்ம வீட்டுல. ஓட்டைப் பிரிச்சது அவங்க வீட்டுல. அஞ்சு நாளா என்னை எங்க படுக்க வெச்சிருக்கீங்க?"

எனக்கு இது தோன்றவே இல்லை. இவளைக் காப்பாற்றத்தான் என்று — சேசுவே, என்ன படிச்சு என்ன புண்ணியம்!

ஜூலை 25

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அதிலும் பாதிதான். எலி இன்றைக்கு விழுந்ததாகச் சொன்னேன். எங்கள் ஓட்டையும் பிரித்து எங்களைக் கொட்டகைக்கு அனுப்ப வந்தவர், படித்தவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 12

கொட்டகையில் பெண் குழந்தை. இருவரும் சுகம். மாதம்மா கையில்தான் பிறந்தது. வலிக்கு நடுவே ரோசலின் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "அதெல்லாம் அப்பறம், அம்மிணி. இப்ப முக்குங்க" என்றாளாம் அவள்.

ஆகஸ்ட் 15

லிங்கப்பன் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார். நானும்தான்.

செப்டம்பர் 10

வீடு திரும்பி நாலு நாள். குழந்தையைக் குளிப்பாட்ட மாதம்மா தினமும் வருகிறாள். இன்று லிங்கப்பன் வந்தார், கையில் ஒரு காகிதம். இந்த வரிசையில் யாருக்கு விண்ணப்பம் வேண்டுமென்றாலும் நான்தான் எழுதிக் கொடுப்பது. கடைசி வீடு காலியாம். அதற்கு மாற்றித் தரும்படி எழுத வேண்டும் என்றார். எழுதினேன். காரணம் என்ன போட என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதையே போடுங்க."

நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதினேன். படித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தார். எழுதிக் கொடுத்தவர் பெயரும் கீழே இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.